வாவிக்கரையிலிருந்து நுவரெலியாவுக்கு: மலையேறத் தெம்புள்ள ஸ்போர்ட்ஸ் கார் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் கார் வாங்குகிறவனுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. ஊரில் ஏற்றமே கிடையாது. கல்லடிப் பாலம்தான் எங்களுடைய சிகரம். குடும்பிமலை இருக்கிறது என்பீர்கள். அதில் காலால்தான் ஏற வேண்டும். அதனால் நம்மவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால் திருகோணமலை வீதியில் நேராக ஓர் ஓட்டம் ஓட்டி, இருக்கை முதுகை அழுத்துகிறதா என்று பார்த்து, "நல்ல இழுவை" என்று சொல்லி முற்பணத்தை வைத்துவிடுகிறார்கள். அதே கார் பசறைக்கு மேலே எப்படி நடந்துகொள்ளும் என்பது சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போகும்போதுதான் தெரியவரும். அப்போது லீசிங் கட்டத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருக்கும்.

சுவிஸிலிருந்து வந்திருந்த என் மருமகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, நான் ஃபுர்கா கணவாய் ஏறியவன். அது 2,429 மீற்றர். நுவரெலியா 1,868 தானே, இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை?"

"அங்கே ஏறிய கார்தான் இங்கேயும் வாங்கப் போகிறாயா? அந்த வீதியில் உனக்கு முன்னால் மரக்கறி லொறி போனதா?"

அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்காகத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்குகளைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

படி 1: மலை எவ்வளவு பறிக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எஞ்சின் எரிப்பது பெற்றோலை மட்டுமல்ல, காற்றையும்தான். உயரம் கூடக்கூடக் காற்று ஐதாகிறது. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் அதே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒட்சிசன் குறைந்துவிடுகிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வலுவில் ஏறக்குறைய பத்து வீதம் போய்விடும் என்பது நடைமுறைக் கணக்கு.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் காரின் கணினியிலுள்ள எண்களை வாசிக்கும் ஒரு சிறிய ஓபிடி கருவி வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, கைப்பேசியோடு இணைத்துவிடுங்கள். அதில் வளிமண்டல அழுத்தம் என்று ஓர் எண் காட்டும். கல்லடியில் 101 கிலோபஸ்கால். செங்கலடி, கரடியனாறு, மகா ஓயா வரைக்கும் அது பெரிதாக அசையாது. பிபிலை தாண்டியதும் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். பதுளை நகரில் 93 அளவில் நிற்கும். வெலிமடை கடந்து நுவரெலியா வந்து சேரும்போது 81. பின்னிருக்கையில் கிடந்த முறுக்குப் பக்கெட் அதற்குள் தலையணை மாதிரி ஊதியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு காற்று வழியிலேயே கழன்றுவிட்டது. விளம்பரத் தாளில் 200 குதிரைவலு என்று போட்டிருந்த கார், நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் 160 சொச்சம் குதிரைவலுக் கார்தான்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கையான சலுகையும் உண்டு. விளம்பரத் தாளில் உள்ள வலு குளிர்ந்த, உலர்ந்த, கடல்மட்டக் காற்றுக்கான கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் 34 பாகை வெயிலில் காற்று ஏற்கனவே ஐதாகத்தான் இருக்கிறது. அந்த வலுவை நாம் ஊரிலேயே ஒருநாளும் முழுதாகக் கண்டதில்லை. நுவரெலியாவின் 15 பாகைக் குளிர் இழந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே ஊரிலிருந்து போகிறவருக்கு உறைக்கும் வித்தியாசம் 20 வீதம் அல்ல, 15 வீதத்துக்குக் கிட்ட.

லடாக்கின் கார்துங் லா போன்ற இடம் வேறு கதை. அது 5,359 மீற்றர். அங்கே காற்றழுத்தம் பாதிக்குப் பாதி. இலங்கையில் பீதுருதாலகால உச்சியே 2,524 மீற்றர்தான். எனவே வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு 400 குதிரைவலு இல்லாமல் மலையேற முடியாது என்று நம்பிவிடாதீர்கள்.

படி 2: உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

ஓட்டுநரோடும் பக்கத்து இருக்கைக்காரரோடும் சேர்த்து 1,350 கிலோ வரும் ஒரு கார். 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். இந்த வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குத் தேவைப்படுவது, டயர் உராய்வும் காற்றுத் தடையும் சேர்த்து, ஏறக்குறைய 30 குதிரைவலு. அவ்வளவுதான். ஒரு சின்ன ஹட்ச்பேக்கிடமும் அது இருக்கிறது.

முந்தும்போதுதான் பிரச்சினை. லுணுகலைக்கும் பசறைக்கும் இடையே மணிக்கு 30இல் முனகிக்கொண்டு போகும் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வளைவு முடிந்து நேர்த்துண்டு ஒன்று கிடைக்கிறது. நான்கு விநாடியில் 60ஐத் தொட்டு, தாண்டி, உங்கள் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அதே காருக்கு அந்த நான்கு விநாடியும் சராசரியாக 70 குதிரைவலு சில்லில் வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது கிடைக்கும் 70 இங்கே உதவாது, ஏனென்றால் லொறிக்குப் பின்னால் ஊரும்போது எஞ்சின் 2,500 சுற்றில்தான் கிடக்கும்.

150 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை (எஞ்சின் தன் தண்டைத் திருகும் விசை) உள்ள சாதாரண எஞ்சின் 2,500 சுற்றில் கொடுப்பது 53 குதிரைவலு. நுவரெலியா உயரத்தில் அது 43க்கு இறங்கிவிடும். 230 நியூட்டன் மீற்றர் தரும் சிறிய டர்போ எஞ்சின் அதே சுற்றில் 80ஐத் தாண்டும், மேலே போனாலும் பெரும்பாலும் அதைக் காப்பாற்றிக்கொள்ளும். முதலாவதிலும் முந்தலாம், ஆனால் கியரை இரண்டு படி இறக்கி எஞ்சினைக் கத்தவிட வேண்டும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் பிடிப்பதில்லை.

எனவே விற்பனையாளரிடம் "எத்தனை குதிரைவலு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "முழு முறுக்குவிசை எத்தனை சுற்றில் வருகிறது? காரின் எடை என்ன?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் விழிப்பார். நீங்களே தேடி வைத்துக்கொண்டு போங்கள்.

படி 3: எஞ்சின் எப்படி மூச்செடுக்கிறது என்று பாருங்கள்

டர்போ இல்லாத எஞ்சின் வளிமண்டலம் கொடுப்பதைத்தான் குடிக்கும். படி 1இல் சொன்ன இழப்பு முழுவதும் அதன் தலையில்தான். நல்ல பக்கமும் இருக்கிறது: காலை அழுத்தியவுடன் பதில், குறைவான சூடு, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. எரிபொருளை ஊசிமூலம் செலுத்தும் எந்த நவீன எஞ்சினும் உயரத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும். பழைய காபுரேட்டர் கார்தான் மேலே போகப்போகப் பெற்றோல் கூடிப்போய், கறுப்புப் புகை விட்டு, திணறும். பழைய அழகான இரண்டு கதவுக் காரொன்றில் மனம் வைத்திருந்தால் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

டர்போ, கழிவு வாயுவின் விசையில் சுழன்று காற்றைத் திணிக்கிறது. காற்று ஐதானால் இன்னும் வேகமாகச் சுழன்று ஈடுகட்டும். கடல்மட்டத்தில் 200 கிலோபஸ்கால் கொடுக்கும் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது. நுவரெலியாவில் அதே 200ஐக் கொடுக்க ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். அந்த மேலதிக உழைப்புக்கு டர்போவில் தெம்பு மிச்சமிருந்தால் உங்களுக்கு வலு குறைந்ததே தெரியாது. காலை அழுத்தியதும் வரும் தாமதம் மட்டும் ஒரு சொட்டுக் கூடியிருக்கும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. இக்காலக் கார்களில் கணினி மொத்த அழுத்தத்தை அளந்து கட்டுப்படுத்துகிறது. தொண்ணூறுகளின் பழைய டர்போ கார்கள் பலவற்றில் வெறும் ஸ்பிரிங்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஸ்பிரிங்குக்கு வெளிக்காற்றின் மேல் எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். வெளியே 101 இருந்தபோது 201 கொடுத்தது, 81 இருக்கும்போது 181தான் கொடுக்கும். பத்து வீதம் போச்சு. டர்போ இல்லாததைவிட மேல், புதிய டர்போவைவிடக் கீழ்.

சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு பட்டியால் கட்டப்பட்டது. தன் இஷ்டத்துக்கு வேகம் கூட்ட முடியாது. ஆகவே உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் இழக்கும் அதே விகிதத்தை இதுவும் இழக்கும். "சூப்பர்சார்ஜர் இருக்கிறது, மலைக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

மின்சாரக் காருக்குக் காற்றே வேண்டாம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயம் 4,302 மீற்றரில் முடிகிறது. 2018இல் ரொமெய்ன் டுமாஸ் வொக்ஸ்வாகன் ஐடி.ஆர் என்ற மின்சாரக் காரில் அதை 7 நிமிடம் 57.148 விநாடியில் ஏறிச் சாதனை வைத்தார். மூச்சுவாங்காத கார் என்றால் இப்படித்தான். ஆனால் நம் வழியில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 1,800 கிலோ எடையைக் கடல்மட்டத்திலிருந்து நுவரெலியாவுக்குத் தூக்குவதற்கு மட்டும் 9 கிலோவாட் மணி மின்சாரம் போகும். ஓடும் தூரத்துக்கான செலவு அதற்கு வெளியே. அடுத்து, மேலே விடுதியில் பற்றரியை 100 வீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டார் பிரேக் பிடித்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது அதை வாங்கிக்கொள்ளப் பற்றரியில் இடமிருக்காது. சுமை முழுவதும் பிரேக் தட்டுக்குப் போகும். 80 வீதத்தோடு இறங்குங்கள்.

படி 4: பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரி பெரும்பாலும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுவதால் பெரிய எஞ்சின் என்றாலே பணப்பைக்கு மலைச்சரிவு. இந்த ஒரு விஷயத்தில் வரியும் மலையும் ஒரே பக்கம் நிற்கின்றன: சிறிய எஞ்சின், டர்போவோடு.

அந்த வகையில் நான் முதலில் சொல்வது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2017இல் வந்த வடிவத்தில் 1.4 லீற்றர் டர்போ, 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர்; அந்த முறுக்குவிசை 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எடை 970 கிலோ. படி 2இன் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள், மலை வீதிக்கென்றே செய்தது போலிருக்கும். 'இதுவும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா, ஐந்து கதவு இருக்கிறதே' என்று மருமகன் முகம் சுளித்தான். நான் விவாதிக்கவில்லை.

மஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டு இருக்கைத் திறந்த கார். ஜப்பானில் விற்கப்படும் 1.5 லீற்றர் வகைக்கு 130 சொச்சம் குதிரைவலு, முறுக்குவிசை 150 அளவு, டர்போ கிடையாது. தாளில் பார்த்தால் மலைக்கு ஆகாது. ஆனால் எடை 1,000 கிலோ சுற்றித்தான், கியர் மாற்றுவது கையில் இனிக்கிறது. தனியாகவோ இருவராகவோ, லொறியை முந்தும் அவசரமில்லாமல் அம்பேவல பக்கம் ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

டொயோட்டா 86 வாங்குகிறவர்கள் எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்குங்கள். 2012இல் வந்த முதலாவதின் 2 லீற்றர் எஞ்சின் 205 நியூட்டன் மீற்றரை 6,400 சுற்றுக்கு மேலேதான் முழுதாகக் கொடுக்கும். லொறிக்குப் பின்னால் அது தூங்கிக்கொண்டிருக்கும். பின்னர் வந்த ஜிஆர்86இன் 2.4 லீற்றர் எஞ்சின் 250ஐ 3,700 சுற்றிலேயே கொடுக்கிறது. ஐதான காற்றை ஈடுகட்டும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

ஜிஆர் யாரிஸ் பணம் உள்ளவரின் தேர்வு. 2020இல் வந்தது: 1.6 லீற்றர், மூன்று சிலிண்டர், டர்போ, 272 குதிரைவலு, 370 நியூட்டன் மீற்றர், நான்கு சில்லுக்கும் இழுவை. பசறை மழையில் அந்த நான்கு சில்லு இழுவையின் அருமை தெரியும். ஆனால் ஜப்பானில் ஆர்எஸ் என்ற பெயரில் இதே உடலுக்குள் 1.5 லீற்றர் டர்போ இல்லாத 120 குதிரைவலு எஞ்சினும், படிப்படியாக மாறாத சிவிடி ஒட்டோ கியரும் வைத்து விற்றார்கள். வெளியில் நின்று பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. போனட்டைத் திறந்து பாருங்கள்.

ஹொண்டா எஸ்660ஐக் கேலி செய்யாதீர்கள். 660 சிசி, 64 குதிரைவலு. ஆனால் டர்போ, எடை 830 கிலோ. மலையில் அது இழப்பது குறைவு. லொறியை முந்துவது மட்டும் மட்டுமட்டாக இருக்கும். பெட்டி வைக்க இடமே கிடையாது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நுவரெலியா போக வேண்டும்.

எதுவாயினும் ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் சேசிஸ் இலக்கத்தை வைத்து ஏல அறிக்கையை எடுத்து, ஓடிய தூரத்தை ஒப்பிடுங்கள்.

படி 5: கியர்

கைக்கியர் முதலிடம். சாதாரண ஒட்டோ கியர் இரண்டாமிடம். உலர்ந்த இரட்டைக் கிளட்ச் கியர் ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடாகும். நீண்ட ஏற்றத்தில் சிவிடியும் அப்படியே. இரண்டாவது கியரில் எஞ்சினைக் கத்தவிடாமல் மணிக்கு 30 முதல் 60 வரை போக முடிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஊசிமுனை வளைவுகள் முழுவதும் அந்த ஒரு கியரில்தான் கழியும்.

படி 6: ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றி அதிகம் கேளுங்கள்

நான் ஏமாந்தது வலுவில் அல்ல, பிரேக்கில். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய இரண்டு கதவுக் கார் வாங்கினேன். மட்டக்களப்பில் அதைவிட நன்றாக நிற்கும் கார் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது, லுணுகலை தாண்டிப் பிபிலைப் பக்கம் இறங்குகையில், முதலில் ஒரு வாடை வந்தது. யாரோ தோட்டத்தில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை அழுத்தினால் பெடல் பஞ்சைப் போல உள்ளே போனது. இன்னொரு தடவை அழுத்த, பாதி பிடித்தது. கியரை இரண்டுக்கும் பின்னர் ஒன்றுக்கும் இறக்கி, ஹாண்ட் பிரேக்கையும் மெல்ல இழுத்து, ஒரு தேநீர்க் கடை வாசலில் நிறுத்தியபோது முன் சில்லிலிருந்து புகை.

தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு குனிந்தேன். கடைக்கார அம்மா உள்ளிருந்து ஓடி வந்தார். "ஐயா, அதில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். போன மாதம் ஒரு வேன்காரர் ஊற்றி, தட்டு வெடித்துப் போனது. உட்கார்ந்து தேநீர் குடியுங்கள், தானாக ஆறும்." மூன்று தேநீர் குடித்தேன். ஊருக்கு வந்து கராஜில் காட்டியபோது பிரேக் எண்ணெய் தேயிலைச் சாயம் போலிருந்தது. எத்தனை வருடம் மாற்றாமல் கிடந்ததோ!

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பண்புள்ளது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155க்கு வந்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? எனவே வாங்கிய வாரமே எண்ணெயை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை.

உயரம் பிரேக்கை இன்னொரு வழியிலும் தொடுகிறது. பெடலை மென்மையாக்கும் உதவிக் கலம் பெரும்பாலான கார்களில் வெளிக்காற்றின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. வெளிக்காற்று 101இலிருந்து 81க்கு இறங்கினால் அந்த உதவியும் கால்வாசிக்குக் கிட்டக் குறையும். நுவரெலியாவில் பெடல் கொஞ்சம் கட்டியாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பயப்பட வேண்டாம், கூடுதலாக அழுத்தினால் போதும். பெடல் கட்டியானால் காற்றின் வேலை, பஞ்சானால் கொதிப்பின் வேலை. இந்த வித்தியாசம் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தட்டின் விளிம்பில் நகம் மாட்டும் அளவுக்குத் தேய்ந்த படி இருக்கிறதா, தட்டில் நீலம் பாரித்த வட்டங்கள் இருக்கின்றனவா, பட்டையின் தடிப்பு எவ்வளவு. நீலம் என்றால் முந்திய உரிமையாளரும் எங்கேயோ மூன்று தேநீர் குடித்திருக்கிறார்.

படி 7: சூடும் பெற்றோலும்

ஐதான காற்று றேடியேட்டரையும் குறைவாகவே ஆற்றும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. றேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே கொதிநிலை 118 அளவில் இருக்கும். கடல்மட்டத்தோடு வித்தியாசம் 3 பாகைதான். மூடியின் இறப்பர் தளர்ந்திருந்தால் அந்தக் காப்பு போய்விடும். சில நூறு ரூபாய் மூடிக்காக எஞ்சின் தலையை இழந்தவர்களை நான் அறிவேன். புதிதாக மாற்றிவிடுங்கள்.

கடற்கரை ஊர்க் கார் என்றால் முன்பக்கத்தில் உள்ள, டர்போக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை மாவாக உதிரும். கல்லடி, நாவலடி, கல்முனைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைத்த காருக்கு இது சகஜம். டர்போ திணித்த காற்று ஆறாமல் போனால் கணினி தானே வலுவைக் குறைத்துவிடும். நீங்கள் மலையைப் பழி சொல்வீர்கள்.

பெற்றோல் இங்கே பெரும்பாலும் 92, 95 ஒக்டேன் என இரண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு பெற்றோல் சிலிண்டருக்குள் நேரந்தவறி வெடித்துத் தட்டும் ஆபத்து உயரத்தில் குறைகிறது. டர்போவுக்கு அப்படியில்லை, அது சிலிண்டருக்குள் கடல்மட்டத்தைக் கொண்டுவந்துவிடுகிறதே. ஆகவே டர்போ ஸ்போர்ட்ஸ் காருக்கு 95தான். எல்லா நிலையத்திலும் அது கிடைக்காது. ஊரிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.

படி 8: டயரும் தரையும்

டயர் காற்றில் ஒரு விசித்திரம். மட்டக்களப்பு வெயிலில் 33 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, நுவரெலியாவின் 10 பாகைக் குளிர் இரவில் அளந்தால் 29க்கு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் வெளியழுத்தமும் குறைந்திருப்பதால் மானி 32 காட்டும். குளிர் எடுத்ததை உயரம் திருப்பித் தருகிறது. மேலே போய்க் காற்று அடிக்கத் தேவையில்லை. அடித்தால் ஊருக்குத் திரும்பிய பின் குறைக்க மறக்காதீர்கள்.

தரைக்கும் காருக்கும் இடையே 120, 130 மில்லிமீற்றர்தான் பல ஸ்போர்ட்ஸ் கார்களில். அம்பாறையிலிருந்து சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறும் வீதி நன்றாகவே இருக்கிறது. இடிபடுவது உங்கள் வீட்டு ஒழுங்கையின் வடிகான் விளிம்பில். ஒரு செங்கல்லைப் படுக்கவைத்து, அதன் மேல் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று காருக்கு அடியில் பாருங்கள்.

படி 9: பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள்

ஊரில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். விற்பவரிடம் ஒரு முழு நாளுக்குக் கேளுங்கள், அவரையும் கூட்டிச் செல்லுங்கள், பெற்றோலும் மதியச் சாப்பாடும் உங்கள் செலவு. மறுத்தால் அதுவே பதில்.

மட்டக்களப்புக்காரர் ஏ5 வீதியில் செங்கலடியால் பதுளை வரை. அம்பாறைக்காரர் வெல்லவாயவிலிருந்து எல்ல வரை. விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டால் நல்லது. ஆனால் மகா ஓயாப் பக்கம் யானை நிற்கும் நேரமும் அதுதான், ஒளியை நம்பி வேகம் வைக்காதீர்கள். ஓபிடி கருவியைப் பொருத்தி, குளிர்நீரின் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் அடிவாரத்தில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை குறியுங்கள். குளிர்நீர் 90, 95 பாகையில் நிலையாக நின்றால் சரி. ஏற ஏற 105ஐத் தாண்டினால் பேரம் பேச வேண்டிய இடம் அது.

ஏற்றத்தில் ஒதுக்கமாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கில் விட்டு, அதிலிருந்து கிளம்புங்கள். கிளட்ச் கருகிய வாடை வரக்கூடாது. மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து காலை முழுதாக அழுத்தி, 3,500 வரை சீராக ஏறுகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். இடையில் விக்கினால் டர்போக் குழாயில் எங்கேயோ கசிவு.

இறக்கத்தில் கார் சாவியை விற்பவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தன் காரை அவர் எந்தக் கியரில் இறக்குகிறார் என்று பாருங்கள். மூன்றிலும் இரண்டிலும் எஞ்சினைக் கொண்டே பிடித்து இறக்கினால் அந்தக் காரின் பிரேக்கும் கியரும் மரியாதையாக நடத்தப்பட்டவை. நாலில் விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கில் காலை ஊன்றினால் தட்டு, பட்டை, எண்ணெய் மூன்றின் செலவையும் விலையில் கழித்துச் சொல்லுங்கள்.

என் மருமகனோடு போன அன்று விற்பவர் பிபிலை வரை ஒரு தடவைகூட நாலாம் கியரைத் தொடவில்லை. செங்கலடிச் சந்தியில் நிறுத்தி எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தோம்; காலையில் குறித்த இடத்திலேயே நின்றது. அவன் தன் கைப்பையைத் திறந்தான். ஐந்து கதவுதான்.